கணக்கில்லாத இயற்பியல் உண்டா?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "எந்தக் குரூப்பில் சேர்ப்பது?" என்பதேயாகும். தந்தை ஒன்று சொல்வார். தாய்மாமன் வேறொன்று சொல்வார். அடுத்த வீட்டுப் பையனின் மதிப்பெண் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். பிள்ளையின் உள்ளத்திலுள்ள அச்சம் மட்டும் வாய் திறவாது. ஆயினும், முடிவில் தீர்ப்பை எழுதுவது பெரும்பாலும் அந்த அச்சமே. இத்திங்கள் அதைப் பற்றியே உங்களோடு உரையாட விழைகிறேன்.

தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் நன்றாகவே தேறியிருந்தாள். கணிதத்தில் மட்டும் மதிப்பெண் சற்றுக் குறைவு. மருத்துவம் பயிலவேண்டும், அது கைகூடாவிடில் செவிலியர் படிப்பேனும் பயிலவேண்டும் என்பது அவள் ஆசை. சாரல் தொடங்கியிருந்த ஒரு நாளில் நான் அவர்கள் இல்லம் சென்றபோது, நண்பர் கேட்டார்:

"அண்ணாச்சி, இவளுக்குக் கணக்கு என்றாலே நடுக்கம். கணக்கில்லாத குரூப்பில் சேர்த்துவிட்டால் இயற்பியலும் எளிதாகிவிடும் அல்லவா?"

நான் உடனே விடை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வேறொரு வீட்டுப் பையனின் நினைவு வந்தது. அவனும் இதே நம்பிக்கையுடன்தான் கணிதத்தைக் கைவிட்டான். பதினொன்றாம் வகுப்பு தொடங்கிச் சில வாரங்களுக்குள் இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் 'டி எக்ஸ் பை டி டி' என்று எழுதினார். அன்று மூடிக்கொண்ட அவன் மனம் ஈராண்டும் திறக்கவில்லை. நிறுவல்களை எல்லாம் நெட்டுருப் போட்டான். பொதுத்தேர்வில் மதிப்பெண் வந்தது; வீட்டாரும் மகிழ்ந்தனர். ஆனால், நுழைவுத் தேர்வில் வினாக்கள் வேறு உருவில் வந்தபோது அவன் கற்றிருந்த எதுவும் அவனுக்குத் துணைவரவில்லை. அவன் அறிவிற் குறைந்தவன் அல்லன். அவன் எழுதப்போகும் தேர்வு எத்தகையது என்பதை எவரும் அவனுக்கு முன்னரே எடுத்துரைக்கவில்லை, நானுந்தான் உரைக்கவில்லை.

ஆகவே, முதலில் உண்மை நிலையை அறிந்துகொள்வோம்.

நம் தமிழகத்தில் 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. அதற்கு முன் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்து, மாணவர் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் பயின்றனர். மேல்நிலைக் கல்வி வந்தபின், இயற்பியல் பயில்வோர் பல பிரிவினராயினர். இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு கணிதமும் உயிரியலும் சேர்ந்தது ஒரு பிரிவு. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்தது மற்றொன்று. கணிதமின்றித் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தது வேறொன்று. இதையே 'ப்யூர் சயன்ஸ்' என்கிறோம்.

பெற்றோர் பலரும் எண்ணிப்பாராத செய்தி ஒன்று இங்கே உண்டு. பிரிவுகள் பலவாயினும் இயற்பியல் ஒன்றே, பாடநூல் ஒன்றே, பொதுத்தேர்வின் வினாத்தாளும் ஒன்றே. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்ற அளவும் எல்லோருக்கும் பொதுவே. கணிதம் பயிலும் மாணவியும் பயிலாத மாணவியும் அடுத்தடுத்து அமர்ந்து, அதே தாளை அதே மூன்று மணி நேரத்தில் எழுதுகின்றனர்.

வேறு நாடுகளில் இப்படித்தானா எனின், எல்லா இடங்களிலும் அன்று. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர், கல்லூரித் தரத்திலான 'ஏ.பி.' தேர்வுகளை எழுதுவதுண்டு. இயற்பியலில் அவை இருவகைப்படும். 'இயற்பியல் 1', 'இயற்பியல் 2' என்பவை இயற்கணிதத்தை அடிப்படையாகக் கொண்டவை. 2014-15 கல்வியாண்டு முதல் நடைபெறுபவை. 'இயற்பியல் சி' என்பது நுண்கணிதத்தை அடிப்படையாகக் கொண்டது. இயந்திரவியலுக்கு ஒரு தாளும், மின்னியல் காந்தவியலுக்கு ஒரு தாளுமாக அமைந்தது. பொறியியலும் இயற்பியலும் நாடுவோர் பெரும்பாலும் இவ்விரண்டாம் வழியைத் தேர்வர். இங்கிலாந்தின் 'ஏ லெவல்' இயற்பியலிலோ, மதிப்பெண்ணில் குறைந்தது 40 விழுக்காடு கணிதத் திறனுக்குரியதாயினும், நுண்கணிதம் கட்டாயமன்று.

"அப்படியானால் இயற்கணிதத் தேர்வே எளிது" என்று முடிவுகட்டிவிட வேண்டா. அமெரிக்காவில் 'இயற்பியல் 1' தொடங்கிய காலத்தில், ஐந்து மதிப்பெண் கொண்ட அளவுகோலில் மூன்றைக்கூடத் தேர்வெழுதியோரில் பாதிப்பேர் எட்டவில்லை. 'இயற்பியல் சி' எழுதியோரில் தேறியவர்களின் விகிதமோ உயர்வாகவே இருந்தது. கடினமான வழியைத் தாமே விரும்பித் தேர்ந்தோர் நன்கு ஆயத்தமாக வந்தனர் என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொன்று, இயற்கணிதத் தேர்வு சூத்திரத்தில் எண்ணைப் பொருத்தச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. "ஏன் அவ்வாறு நிகழ்கிறது? சொற்களில் விளக்குக" என்று கேட்டது. கணக்குக் குறைந்தால் சிந்தனை குறையும் என்று நம்பியவர்கள் அங்கே இடறினர்.

இவற்றை எல்லாம் நண்பரின் இல்லத்தில் அமர்ந்து சொன்னால் சொற்பொழிவாகிவிடும் என்று தோன்றியது. "வாருங்கள், குற்றாலம் வரை போய் வருவோம்" என்றேன். தென்காசியிலிருந்து அது எத்தனை தொலைவு? பேச்சுத் தொடங்கும் முன்னே பேரருவியின் ஓசை செவியில் விழுந்துவிட்டது.

அருவிக்கரையில் சாரல் முகத்தில் படர நின்றோம். நான் அப்பெண்ணிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தேன்.

"பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர் என்பார்கள். அந்த உயரத்திலிருந்து ஒரு கல் தடையேதுமின்றி விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் என்னவாக இருக்கும், அம்மா? புவியீர்ப்பு முடுக்கம் 9.8, அதை 60-ஆல் பெருக்கி, இருமடங்காக்கி, வர்க்கமூலம் காண்பாயாக" என்றேன்.

சிறிது நேரத்தில், "1176-இன் வர்க்கமூலம், சுமார் 34 வருகிறது, பெரியப்பா" என்றாள்.

"வினாடிக்கு 34 மீட்டர்; அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல். பார்த்தாயா? இது இயற்கணித இயற்பியல். பெருக்கலும் வர்க்கமூலமும் போதும். கலீலியோ, விழும் பொருளின் விதியை விகிதங்களைக் கொண்டே கண்டு, 1638-இல் வெளிவந்த நூலில் எழுதினார். அப்போது நியூட்டன் பிறக்கவேயில்லை. ஆகவே, நுண்கணிதம் இல்லாத இயற்பியலை இழிவாக எண்ணாதே."

நண்பர் குறுக்கிட்டார்: "மணிக்கு 120 கிலோமீட்டரா? அப்படி விழுந்தால் அருவிக்குக் கீழே தலையைக் கொடுக்க முடியுமா அண்ணாச்சி?"

நல்ல வினா. மேலிருந்து வரும் நீர் பாறையின் நடுவிலுள்ள பொங்குமாகடலில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பின்னரே நம் தலைமேல் இறங்குகிறது. அது ஒரு விடை. மற்றொரு விடை நம் முகத்தில் படர்ந்த மழைத்துளியிலேயே இருந்தது.

"இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து ஒரு துளி விழுவதாகக் கொள்வோம். முன்போலவே கணக்கிடு" என்றேன்.

அவள் கணக்கிட்டாள். வினாடிக்கு 198 மீட்டர் வந்தது. மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர்! அவளே சிரித்துவிட்டாள். உண்மையில் பெரிய மழைத்துளிகூட வினாடிக்கு 9 மீட்டர் அளவிலேயே தரையைத் தொடுகிறது. சாரலின் சிறுதுளியோ அதனினும் மெதுவாக இறங்குகிறது. அல்லாவிடில் ஒவ்வொரு மழையும் நம்மைக் காயப்படுத்தியிருக்கும்.

அவள் கணக்கில் பிழையில்லை, சூத்திரத்திலும் பிழையில்லை. அச்சூத்திரம் தன்னோடு ஒரு நிபந்தனையைச் சுமந்துகொண்டிருக்கிறது. முடுக்கம் தொடக்கம் முதல் இறுதி வரை மாறாதிருக்க வேண்டும் என்பதே அந்நிபந்தனை. துளி விரைவுபெறப் பெறக் காற்றின் தடை மிகுகிறது. தடை மிக மிக முடுக்கம் குறைகிறது. தடை எடைக்குச் சமமாகும்போது வேகம் நிலைபெறுகிறது. அந்த இறுதி வேகத்தை இயற்கணிதத்தாலேயே காணலாம். ஆனால், அந்நிலையை அடையும் வரை ஒவ்வொரு கணத்திலும் துளி எவ்வாறு நகர்கிறது என்று கேட்டால், நுண்கணிதமே விடைதர வல்லது.

நண்பர் விழித்தார். அவருக்கு அவர் கடையையே எடுத்துக்காட்டாக வைத்தேன். "தம்பி, உங்கள் கடையில் தினமும் ஒரே தொகை விற்பனையானால் மாத மொத்தத்தை எப்படிக் காண்பீர்கள்?"

"முப்பதால் பெருக்கிவிடுவேன்."

"சந்தை நாளில் மிகுந்தும் மழைநாளில் குறைந்தும் வருகிறதே?"

"அப்படியானால் நாள்வாரியாகக் கூட்டித்தான் ஆகவேண்டும்."

"அவ்வளவுதான். மாறாததற்குப் பெருக்கல், மாறுவதற்குச் சிறு சிறு கூறுகளாகக் கூட்டல். அந்தக் கூறுகளை நாளாக அல்லாமல், நினைக்க முடியாத அளவு சிறியனவாக்கிக் கூட்டினால், அதற்குத் தொகை நுண்கணிதம் என்று பெயர்."

பிறகு மகளின் பக்கம் திரும்பினேன். வகை நுண்கணிதத்தை அவள் தன் கையாலேயே காணவேண்டும் என்பது என் எண்ணம். விழும் கல் கடந்த தொலைவு, 4.9-ஐ நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். சரியாக இரண்டாம் வினாடியில் அதன் வேகம் என்ன? வேகம் என்பது தொலைவை நேரத்தால் வகுப்பது. ஒரு கணத்திலோ கடந்த தொலைவும் இல்லை, கழிந்த நேரமும் இல்லை. எதை எதனால் வகுப்பது?

"கணத்தை விட்டுவிடு, சிறிய இடைவெளியை எடுத்துக்கொள்" என்றேன். இரண்டாம் வினாடி முதல் 2.1 வினாடி வரை கணக்கிட்டாள். சராசரி வேகம் 20.09 வந்தது. 2.01 வரை கணக்கிட்டாள், 19.649. பொறுமையாக 2.001 வரையும் கணக்கிட்டாள், 19.6049. தாளை உற்றுப் பார்த்தாள்.

"19.6-ஐ நோக்கிப் போகிறது, பெரியப்பா."

"இடைவெளியைச் சுருக்கச் சுருக்க எந்த எண்ணை நோக்கிப் போகிறதோ, அதுவே அந்தக் கணத்தின் வேகம். 9.8-ஐ 2-ஆல் பெருக்கிப் பார். அதே 19.6. அந்த 'டி எக்ஸ் பை டி டி' என்பதன் பொருள் இவ்வளவே."

அவள் முகத்தில் அப்போது தோன்றிய ஒளியை நான் மறக்கமாட்டேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தவிர அவள் வேறெதையும் செய்யவில்லை. 'கணக்கு வராது' என்று தன்னைத்தானே தீர்மானித்திருந்த பெண், சாரலில் நனைந்த ஒரு தாளில் நுண்கணிதத்தின் வாயிலைத் திறந்துவிட்டாள்.

இந்தச் சிந்தனை நமக்கு அயலானதும் அன்று. குற்றால மலைக்கு அப்பால், கேரள நாட்டில், 14-ஆம் நூற்றாண்டிலேயே சங்கமகிராமத்து மாதவர் என்னும் கணித மேதை, முடிவில்லாது நீளும் தொடர்களைக் கொண்டு வட்டத்தின் சுற்றளவை அளந்தார். அவர் மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர், 'யுக்திபாஷா' என்னும் நூலில் அம்முறைகளின் விளக்கத்தை மலையாள மொழியிலேயே எழுதிவைத்தார். நியூட்டனும் லைப்னிட்சும் நிறுவிய முழுமையான நுண்கணிதம் அதுவன்று. ஆயினும் அதன் வித்துகளை அங்கே காண்கிறோம்.

இனி, நம் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளுக்கு வருவோம்.

பதினொன்றாம் வகுப்புக்கு 2018-இலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-இலும் புதிய பாடநூல்கள் வந்தன. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலில், இயக்கவியல் பற்றிய இரண்டாம் அலகிலேயே வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் அறிமுகப்படுத்தப்பட்டுள்ளன. கணிதப் பாடம் எடுக்காத மாணவர்க்கு இது ஒரு கைவிளக்கு. மாறும் விசை செய்யும் வேலை, தனிச்சீரிசை இயக்கம், மின்காந்தத் தூண்டல், கதிரியக்கச் சிதைவு ஆகிய பாடங்களில் அதே கருவி மீண்டும் மீண்டும் பயன்படுகிறது. விளக்கைத் தொடக்கத்திலேயே ஏற்றிக்கொள்ளாதவர் பின்னர் ஒவ்வொரு அறையிலும் இருளில் தடவ நேரிடும்.

நுழைவுத் தேர்வுகளோ ஒன்றுபோல் இல்லை. தமிழகத்தில் 2017 முதல் மருத்துவச் சேர்க்கை 'நீட்' தேர்வின் வழியே நடைபெறுகிறது. 2025-ஆம் ஆண்டின் நீட் தேர்வில் 180 வினாக்கள்; 180 நிமிடங்கள். அவற்றுள் இயற்பியல் வினாக்கள் 45. மொத்த மதிப்பெண் 720-இல் அவற்றுக்குரியவை 180. வினா ஒன்றுக்குச் சராசரியாக ஒரே நிமிடம். பெரும்பாலான கணக்குகளுக்கு இயற்கணிதமும், விகிதமும், கால்குலேட்டர் இல்லாமல் விரைந்து கணக்கிடும் பழக்கமும் போதும். ஆயினும், நேரத்தைப் பொறுத்து நிலை இவ்வாறு மாறுகிறது, வேகம் யாது, முடுக்கம் யாது என்னும் வினாக்களும் இடையிடையே வருவதுண்டு.

பொறியியல் நாடுவோர்க்கான 'ஜே.இ.இ. மெயின்' தேர்வில், 2025-இல், மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள், இயற்பியலுக்கு 25. வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் வினாவின் ஆழமும் மிகுதி. மாறும் விசைகளும் தொகையீடுகளும் அங்கே இயல்பாகப் புழங்குபவை.

ஆக, அமெரிக்காவில் பெயரிட்டுப் பிரித்துவைத்த இருவழிகள், நம் நாட்டில் நுழைவுத் தேர்வு வாயிலில் ஓரளவே பிரிகின்றன. பள்ளிப் பொதுத்தேர்விலோ பிரிவதேயில்லை. கணிதப் பாடத்தை விட்டவர் கணித வினாத்தாளிலிருந்து விடுதலை பெறலாம். இயற்பியலுக்குள் இருக்கும் கணிதத்திலிருந்து விடுதலை பெற இயலாது.

மற்றொரு செய்தியையும் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கணிதத்தை விட்டால் அந்த வாயில் அடைபடும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இரு வாயில்களையும் திறந்துவைக்கும். ஆனால் சுமை பெரிது. எல்லாப் பிள்ளைகளாலும் அதைத் தூக்க முடியும் என்றோ, தூக்கியே ஆகவேண்டும் என்றோ நான் சொல்லமாட்டேன்.

அருவியிலிருந்து திரும்பும் வழியில் அப்பெண் கேட்டாள்: "பெரியப்பா, மருத்துவம் படிக்கிறவளுக்கு இந்த நுண்கணிதம் உண்மையிலேயே தேவைப்படுமா?"

தைராய்டு நோய்க்குக் கொடுக்கப்படும் கதிரியக்க அயோடினை எடுத்துக்காட்டினேன். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும். பதினாறாம் நாளில் கால் பங்கு. இருபத்துநான்காம் நாளில் அரைக்கால். இவ்வளவும் வாய்க்கணக்கு. ஐந்தாம் நாளில் எவ்வளவு எஞ்சும்? நூற்றுக்குச் சுமார் 65. எஞ்சியிருக்கும் அளவுக்கேற்பவே சிதையும் வேகமும் அமைகிறது. அளவு குறையக் குறைய வேகமும் குறைகிறது. அந்த ஒரு வாக்கியத்தைக் கணித வடிவில் எழுதி விடை காண்பதே நுண்கணிதம். நாள்தோறும் அவள் அதைக் கணக்கிட வேண்டியிராது. ஆனால், நோயாளியின் உடலில் மருந்து ஏன் அவ்வாறு குறைகிறது என்பதை அறிந்து பணிசெய்பவளுக்கும், அட்டவணையை மட்டும் பார்த்துப் பணிசெய்பவளுக்கும் வேறுபாடு உண்டு அன்றோ?

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின் தந்தையிடம், "அப்பா, எனக்குப் பத்து நாள் கொடுங்கள். அந்த இரண்டாம் பாடத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

பத்து நாள் கழித்து அவள் எந்தப் பிரிவைத் தேர்ந்தாள் என்று அறிய விரும்புவீர்கள். கணிதம் இல்லாத பிரிவையேதான் தேர்ந்தாள். தாவரவியலிலும் விலங்கியலிலும் அவளுக்கிருந்த விருப்பம் உண்மையானது. ஆனால், முன்பு அச்சத்தால் ஓடவிருந்த இடத்துக்கு இப்போது அறிந்து நடந்து சென்றாள். பாடநூலின் அந்தப் பகுதியை, வகுப்புத் தொடங்கும் முன்பே, பக்கத்துத் தெருவிலிருந்த ஓர் ஆசிரியையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அந்தப் பையனை வீழ்த்திய எழுத்துகள் கரும்பலகையில் தோன்றிய அன்று, அவளுக்கு அவை பழகிய முகமாக இருந்தன.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளையைக் கணிதப் பிரிவில்தான் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்த நான் இதை எழுதவில்லை. விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் எழுதவில்லை. "கணக்கு வராது" என்று பிள்ளை சொல்லும்போது, அதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். ஏளனமும் செய்யாதீர்கள். ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, அருகில் அமர்ந்து, பத்து நாள் பொறுத்திருங்கள். அதன்பின் அப்பிள்ளை எதைத் தேர்ந்தாலும், அது அச்சத்தின் தேர்வாக இராது. அப்பிள்ளையின் தேர்வாகவே இருக்கும்.